மேலே நல்ல காற்று வரும்

பூமி அசைந்தபோது நான் ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் மெஷின் நடுங்கியது. அதற்கும் வயதாகிவிட்டது, சில நாள் தானாக முனகும். அதனால் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு அடுத்த கையை எடுத்தேன். அலமாரியிலிருந்து நூல்கண்டுகள் ஒவ்வொன்றாகக் குதித்து உருண்டபோதுதான் இது மெஷினின் வேலை இல்லை என்று பட்டது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முடிந்த பிறகு ஓடுவதுதான் எங்கள் செம்பூர் கட்டடத்தின் வழக்கம். குடிசைகளை இடித்துவிட்டு அதே ஆட்களை ஏழு மாடியில் அடுக்கிவைத்த கட்டடம் அது. நிலநடுக்கத்தின்போது லிஃப்ட்டில் இறங்கக் கூடாது என்கிறார்கள். எங்கள் லிஃப்ட் போன மழைக்காலத்தில் நின்றது, பிறகு அசையவே இல்லை என்பதால் அந்த விதியை நாங்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கடைப்பிடித்தோம். கீழே போனதும் கட்டடத்தை ஒட்டியே நின்று அதை அண்ணாந்து பார்த்தோம். விழுந்தால் சரியாக எங்கள் மேல் விழட்டும் என்று ஒத்துழைப்புக் கொடுப்பவர்கள் மாதிரி நின்றோம்.

அங்கே நின்றுகொண்டுதான் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, அங்க ஆடிச்சா?”

“ஆடிச்சான்னா கேக்க? லேபர் கேம்ப்பே ஆடிட்டு! நான்தான் எல்லாத்தையும் வெளிய இழுத்துப் போட்டேன். ஒங்க மதினி, பாப்பா, கீழ பேக் தைக்கிற ஆளுவ, எல்லாரும் பத்திரம். நீ ஒண்ணும் பயப்படாத.”

“அம்மா?”

அவன் குரலுக்குப் பின்னால் கல்லியின் இரைச்சல் கேட்டது. எங்கள் பக்கம் சந்துக்குக் கல்லி என்றுதான் பெயர்.

“அம்மா மேல இருக்கா. அவளுக்கு என்ன, மேல நல்ல காத்து வரும்” என்றான்.

இந்தக் காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த அப்பா, தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்து, ஒரே ஒரு அறை சம்பாதித்தார். அப்பா போன பிறகு அண்ணன் அதன் தலையில் ஒரு மாளா ஏற்றினான். பம்பாயில் மாளா என்றால் மாடி. பிறகு அந்த மாளாவின் தலையில் இன்னொரு மாளா. இஞ்சினியர், மேஸ்திரி, மேற்பார்வை எல்லாம் அண்ணனே. அரைக்கல் சுவர், அதில் இரும்புச் சட்டம், மேலே தகரம். எங்கள் சட்டத்தின் ஒரு முனை பக்கத்து வீட்டுச் சுவரில் இருக்கிறது, பக்கத்து வீட்டுச் சட்டம் எங்கள் சுவரில் இருக்கிறது. இப்படியே கல்லி முழுவதும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு நிற்கிறோம். இதைத்தான் பேப்பர்காரர்கள் ஒற்றுமை என்று எழுதுகிறார்கள்.

கீழ் அறை பேக் தைக்கும் பட்டறைக்கு வாடகை. நடு மாளாவில் அண்ணன், மதினி, காலேஜில் படிக்கும் அவர்கள் மகள். உச்சி மாளாவில் அம்மா. அங்கே போக வெளிச்சுவரோடு ஒட்டிய இரும்பு ஏணி. பிடித்துக்கொள்ள ஒரு நைலான் கயிறு. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஏறினபோதே இரண்டு பேர் தள்ளித்தான் ஏற்றினார்கள்.

முழங்கால் போனவளை ஏன் உச்சியில் வைக்க வேண்டும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் ஆட்கள் கேட்கமாட்டார்கள். அவர்களுக்குத் தெரியும். எல்லாவற்றையும் இடித்துப் புதிதாகக் கட்டிக் கொடுக்கப் போகிறார்கள், அதற்கு சர்வே எடுக்க வருவார்கள், அறை அறையாக, மாளா மாளாவாக யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். ஆள் இல்லாத மாளாவை கோடவுன் என்று ஒதுக்கிவிடுவார்கள், அதற்கு மாற்று வீடு கிடைக்காது என்று பேச்சு. ஆகவே எங்கள் கல்லியில் எல்லா உச்சி மாளாவிலும் யாராவது ஒருவரைக் குடிவைத்திருக்கிறார்கள். சிலர் ஊரிலிருந்து கொழுந்தனை வரவழைத்தார்கள். அண்ணனுக்கு அந்தச் சிரமம் இல்லை. அடுப்பு, சாமி படம், கட்டில், அம்மா. அத்தாட்சி தயார்.

“சர்வே வந்துட்டுப் போனதும் எறக்கிருவோம்” என்றுதான் சொன்னான். சர்வேக்காரர்கள் அடுத்த கல்லி வரைக்கும் வந்தார்கள். அங்கே சண்டையாகித் திரும்பிப் போனார்கள். அம்மா மேலேயே இருந்தாள். மேலேயே ஒரு மூலையில் கக்கூஸ் கட்டிக்கொடுத்து, அதை அம்மாவுக்குச் செய்த சேவையாக அண்ணன் ஊரெல்லாம் சொன்னான். அவன் அந்தப் பகுதியில் பொதுச்சேவை செய்கிறவன். வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு போடமாட்டான்.

என்னோடு கூட்டிக்கொண்டு போகலாம் என்றால் என் வீடு ஆறாவது மாடி, லிஃப்ட்டின் யோக்கியதையைச் சொல்லிவிட்டேன். கீழ் அறையை அம்மாவுக்கு விட்டுவிட்டு பட்டறையை மேலே ஏற்று என்று அண்ணனிடம் பல தடவை சண்டை போட்டிருக்கிறேன். “அத்தன மெஷின மேல ஓட்டுனா மாளா ஆடும்லா? அம்மா ஆட்டவா போறா?” என்றான் இஞ்சினியர்.

அன்றைக்கு ஆட்டோ பிடித்து லேபர் கேம்ப்புக்குப் போனேன். கல்லி முழுக்க ஆட்கள். கையை இரண்டு பக்கமும் விரித்தால் இரண்டு பக்கச் சுவரிலும் விரல் படும். அந்த இடத்தில்தான் பாதுகாப்புக்காக எல்லோரும் கூடியிருந்தார்கள். எதனால் ஆடியது என்று ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. மெட்ரோவுக்குச் சுரங்கம் தோண்டியதால் என்றார் பெட்டிக்கடைக்காரர். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டவர் கட்டுகிறவர்கள் பூமிக்குள் தூண் இறக்குவதால் என்றாள் மதினி. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவை இந்த வருஷம் தள்ளிப்போட்டதால் என்றார் கொடை கமிட்டியில் இருப்பவர். தள்ளிப்போட்டதே அவர்தான்.

“பப்பா, ஜமீன் கே நீச்சே ப்ளேட் இருக்கு. இந்தியா ஃபுல்லா நார்த் சைடு தள்ளிட்டே இருக்கு” என்று அண்ணன் மகள் போனைப் பார்த்துச் சொன்னாள். நிலத்துக்கு அடியில் என்பது அவள் வாயில் ஹிந்தியாகத்தான் வரும்.

“இங்க எவம்ட்டி வடக்க தள்ளுதான்? எல்லாவனும் தெக்க இருந்து வந்தவன்” என்றான் அண்ணன். கல்லி சிரித்தது. விஞ்ஞானம் அதோடு வாயை மூடிக்கொண்டது.

யாரும் சொல்லாத காரணங்கள் காலடியிலேயே இருந்தன. நாங்கள் நிற்கிற இடம் ஒரு காலத்தில் உப்புத்தண்ணி தேங்கிய சதுப்பு. குப்பையையும் மண்ணையும் கொட்டி எங்கள் ஆட்களே மேடாக்கினது. பூமி கொஞ்சம் ஆடினால் அந்த மண் அதிகமாக ஆடும். அதன் மேல் அரைக்கல் சுவரில் மூன்று தட்டு. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததைப் பேசினால் வீட்டுக்குள் திரும்பிப் போக முடியாது என்பதால் மெட்ரோவைப் பேசினார்கள். பூமி ஆடினதற்கு எது காரணமோ எனக்குத் தெரியாது. அம்மா மேலே மாட்டிக்கொண்டதற்கு யார் காரணம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஏணியில் ஏறினேன். வலது பக்கத்து போல்ட்டுகள் காரையோடு சுவரைவிட்டு வெளியே வந்திருந்தன. ஏறும்போது ஏணியும் என்னோடு கொஞ்சம் நடந்தது.

அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சுவரில் மூலையிலிருந்து சன்னல் வரை புதிதாக ஒரு விரிசல். எனக்கு முன்னாலேயே மதினி ஏறி வந்து அதன் மேல் காலண்டரை மாட்டிவிட்டுப் போயிருந்தாள். எங்கள் பக்கம் விரிசலுக்கு அதுதான் வைத்தியம். விரிசல் காலண்டரைவிட நீளம் என்பதால் கீழே கொஞ்சம் தெரிந்தது.

“பயந்துட்டியாம்மா?”

“கட்டில் போச்சு, வந்துச்சு. சட்டிப் பானை உருண்டுச்சு. நான் கம்பியப் புடிச்சுக்கிட்டு சன்னல்ல எட்டிப் பாத்தேன்” என்றாள். “எல்லாம் கல்லில நின்னாவ. நம்ம ஆளுவ எல்லாத் தலையும் இருந்துச்சு. பிள்ள தல, ஒங்க மதினி தல, இவன் வழுக்க. அந்த மட்டும் நிம்மதி.”

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“தலதான் ஏட்டி தெரிஞ்சுது. மொகம் ஒண்ணுகூடத் தெரியல. ஒருத்தராது மேல பாப்பாவன்னு நின்னுகிட்டே இருந்தேன்.”

எனக்கு அழுகை வந்தது. அண்ணனை அந்த ஏணியிலிருந்து உருட்டிவிட வேண்டும் என்றும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் ஒன்றையும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை. அம்மாவின் காலைப் பிடித்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் சும்மா இருக்கவில்லை. உடனே நடவடிக்கை எடுத்தான். ஏணி ஆபத்தாக இருக்கிறது என்று கழற்றி வெல்டிங்குக்கு அனுப்பினான். வெல்டிங்காரர் தங்கச்சி கல்யாணம் என்று ஊருக்குப் போனார். அதோடு உச்சி மாளாவுக்கு ஏணியே இல்லாமல் போனது. மதினி பக்கத்து வீட்டு மூங்கில் ஏணியைச் சாத்தி, அம்மன் பேரைச் சொல்லி ஏறி, அம்மாவுக்கு வேண்டியதைச் செய்துவிட்டு, அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். சாப்பாடு வாளியில் கயிறு கட்டி மேலே போனது. பாத்திரம் அதே வாளியில் கீழே வந்தது. நிலநடுக்கத்துக்கு முன்னால் அம்மா இறங்க முடியாதவளாக இருந்தாள். நிவாரணப் பணிக்குப் பின்னால் இறங்க வழியே இல்லாதவள் ஆனாள்.

இதற்கிடையில் அம்பர்நாத்திலிருந்து சித்தப்பா மகன் ஒரு குரல் செய்தி அனுப்பினான். அடுத்தது சாயங்காலம் வருகிறதாம், இதைவிடப் பெரிதாம், யாரோ விஞ்ஞானி சொன்னாராம். கல்லி முழுக்கப் பரவி, சாயங்காலம் எல்லோரும் பாயும் தண்ணீர் பாட்டிலுமாக ரோட்டோரம் போய் உட்கார்ந்து நிலநடுக்கத்துக்குக் காத்திருந்தார்கள். வடை போடுகிறவருக்கு நல்ல வியாபாரம். நிலநடுக்கம் வரவில்லை. வராததற்காகச் சிலர் விஞ்ஞானியைத் திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அன்றைக்கும் அம்மா மேலேதான் இருந்தாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரிடர் பயிற்சி வந்தது. ஏதோ ஒரு தொண்டு நிறுவனம். ஏற்பாடு அண்ணன். கல்லி முனையில் ஒலிபெருக்கி, ஆரஞ்சு நிறச் சட்டை போட்டவர்கள், அண்ணன் படம் போட்ட பேனர். நானும் போயிருந்தேன். பயிற்சி கொடுத்த அதிகாரி நல்ல மனிதர். ஹிந்தியில் பொறுமையாகச் சொன்னார். வேறு ஏதோ ஊருக்கு எழுதினதை எங்களிடம் வந்து சொன்னார், அவ்வளவுதான்.

ஆடினால் கனமான மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ள வேண்டும் என்றார். கல்லியில் மேஜை இருப்பது இஸ்திரிக்காரரிடம் மட்டும். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மேஜையை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். மேஜை இல்லையென்றால் கட்டிலுக்கு அடியில் என்றார் அதிகாரி. எங்கள் வீடுகளில் கட்டிலுக்கு அடியில்தான் அரிசி மூட்டை, சூட்கேஸ், கேஸ் சிலிண்டர், கொலுசுப் பெட்டி, பழைய மிக்ஸி எல்லாம் குடியிருக்கின்றன. பூமி ஆடும்போது முதலில் இவற்றை வெளியே எடுத்து வைக்க வேண்டும். திறந்த மைதானத்துக்கு ஓட வேண்டும் என்றார். மைதானம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும். பூகம்பம் வேலை நாளில் வந்தால் பிழைத்தோம். மாற்றுச் சேலை, மருந்து, கண்ணாடி, டார்ச் எல்லாம் போட்டு ஒரு பை எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று கடைசியில் சொன்னார். அதற்கு எல்லோரும் தலையாட்டினார்கள். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

கேட்டுக்கொண்டது ஒரே ஒரு ஆள் என்று பிறகுதான் தெரிந்தது. ஒலிபெருக்கி நேராக உச்சி மாளாவைப் பார்த்துக் கட்டியிருந்தது.

அடுத்து ஒத்திகை. உயரத்தில் மாட்டிக்கொண்டவரைக் கயிறு கட்டி இறக்கிக் காட்ட வேண்டும். அதற்கென்று ஜிம்முக்குப் போகும் இளைஞன் ஒருவனை அண்ணன் தயார் செய்திருந்தான். அவனுக்கு இடுப்பில் கயிறு கட்டினதும் கூச்சத்தில் சிரித்துச் சிரித்து, காயம்பட்டவன் மாதிரி இருக்கவே முடியவில்லை. அதிகாரிக்குச் சலித்துவிட்டது. வேறு யாராவது உண்டா என்றார்.

“நான் வாறேன் தம்பி!”

எல்லோரும் மேலே பார்த்தோம். உச்சி மாளா சன்னலில் அம்மா.

அண்ணன் முகம் ஒரு நிமிஷம் சுருங்கியது. பிறகு போன் கேமராக்கள் எல்லாம் மேலே திரும்புவதைப் பார்த்தான். மலர்ந்துவிட்டது. “எங்க அம்மாதான்! மேரி மா!” என்று ஒலிபெருக்கியிலேயே அறிவித்தான். “தாயையே சேவைக்குக் கொடுத்தவர்” என்று பக்கத்தில் இருந்தவர் கை தட்டினார்.

ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் அலுமினிய ஏணி போட்டு ஏறினார்கள். வார்ப்பட்டை கட்டி, தலையில் ஹெல்மெட் மாட்டி, ஏணி சாத்தியிருந்த வாசல் வழியாக அம்மாவை மெதுவாக இறக்கினார்கள். அம்மா கண்ணை மூடவில்லை. மடியில் ஒரு துணிப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். கீழே வந்ததும் அதிகாரி அந்தப் பையைப் பிரித்துக் கூட்டத்துக்குக் காட்டினார். இரண்டு சேலை, சுகர் மாத்திரை, கண்ணாடி, வெற்றிலைப் பெட்டி, அப்பாவின் போட்டோ. “தேகோ, தேகோ! இந்த அம்மாவை எல்லோரும் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்” என்று ஹிந்தியில் பூரித்துப்போனார். ஒத்திகைக்கு யாராவது அப்பா போட்டோவை எடுத்துக்கொண்டு வருவார்களா என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

படங்கள் எடுத்து முடிந்தன. அம்மாவுக்கு டீ கொடுத்தார்கள். பட்டறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகக் குடித்தாள்.

“சரி, அம்மாவ மேல ஏத்துங்க” என்றான் அண்ணன்.

கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தவர்கள் அதிகாரியைப் பார்த்தார்கள். அதிகாரி அண்ணனைப் பார்த்தார்.

“உதார்னா ஹமாரா காம் ஹை, பாய் சாப்” என்றார். இறக்குவதுதான் எங்கள் வேலை. ஏற்றுவதற்கு எங்களுக்குப் பயிற்சி இல்லை. உலகத்தில் எங்கேயும் மீட்டவர்களைத் திரும்பக் கொண்டுபோய் வைப்பதில்லை.

கல்லி சிரித்தது. இந்தத் தடவை அண்ணன் சிரிக்கவில்லை. அம்மாவின் காதருகே குனிந்தான்.

“யம்மா, சர்வே வரும்மா. மேல ஆள் இல்லன்னா எல்லாம் போயிரும். வெல்டிங்காரன் வந்ததும் ஏறிருவியா?”

அம்மா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். குரலைத் தாழ்த்தவில்லை.

“மேல ஆள் இருக்கணும்லா? நீ போ. நல்ல காத்து வரும்.”

கேமராக்கள் இன்னும் பையில் போகவில்லை. தாயை சேவைக்குக் கொடுத்தவன் அத்தனை பேர் முன்னால் தாயை என்ன செய்ய முடியும்? பட்டறையில் வேலை செய்கிற பீகார்காரர்கள் தாங்களாகவே ஒரு மெஷினை நகர்த்தி, கதவோரம் ஒரு கட்டில் போடும் அளவு இடம் ஒதுக்கினார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க நான் கொஞ்சமும் முயலவில்லை. அண்ணன் பேனரை அவிழ்க்கும்போது போய் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

சர்வே இன்னும் வரவில்லை. ஏணி வந்துவிட்டது, போல்ட்டுகள் புதிது, சுவர் பழையது. உச்சி மாளாவில் இப்போது அண்ணன் குடியிருக்கிறான். வெள்ளைச் சட்டையோடு ஏறி இறங்குகிறான். விரிசல் இன்னும் காலண்டருக்குக் கீழே தெரிகிறதாம். இரும்புத் தூண் வைத்துக் கட்ட வேண்டும், இல்லையென்றால் ஆபத்து என்று இப்போதெல்லாம் அவனே பேசுகிறான். அங்கே படுத்துப் பார்த்த பிறகு இஞ்சினியருக்குப் படிப்பு ஏறியிருக்கிறது.

போன வாரம் போயிருந்தேன். அம்மா கதவோரக் கட்டிலில் உட்கார்ந்து பைகளில் நீட்டிக்கொண்டிருந்த நூலைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். பகல் சாப்பாட்டு நேரம். ரோட்டில் ஒரு கான்கிரீட் லாரி போயிருக்க வேண்டும், தரை நடுங்கியது. டீ கிளாஸ் குலுங்கியது. பட்டறைக்காரர்கள் போனை எடுத்துப் பார்த்தார்கள். நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

அம்மா அதற்குள் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கல்லிக்குள் இரண்டு எட்டு வைத்து, மேலே பார்த்தாள்.

“ஏல! லாரிதாம்ல! பயப்படாத!”

சன்னலில் அண்ணன் முகம் தெரிந்தது. அவ்வளவு நல்ல காற்று வந்தும் வேர்த்திருந்தது. அவன் உள்ளே போகிற வரைக்கும் அம்மா அண்ணாந்தே நின்றாள்.